அரசு வழக்கறிஞராக வர நினைப்பவர்களுக்கு: கோப்பிலிருந்து தொடங்குங்கள்

உயர் நீதிமன்ற வராந்தாவில் ஜூனியர்கள் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “சார், ஏ.ஜி.பி. ஆகணும்னா யாரைப் பார்க்கணும்?” ஏ.ஜி.பி. என்றால் கூடுதல் அரசு பிளீடர், உயர் நீதிமன்றத்தில் அரசுக்காக ஆஜராகும் வழக்கறிஞர்.

யாரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும், எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும், பதவி கிடைத்த மறுநாள் காலையில் மேசை மேல் என்ன கிடக்கும், அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதெல்லாம் தெரியும். பல ஆண்டுகள் அரசுத் தரப்பில் நின்று, சில இடங்களில் தவறு செய்து கற்றுக்கொண்டது அது. நான் எழுதுவது தமிழ்நாட்டு நடைமுறை: சென்னை உயர் நீதிமன்றம், மதுரைக் கிளை, மாவட்ட நீதிமன்றங்கள்.

முதல் படி: எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

“அரசு வக்கீல்” என்று ஊரில் ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். உள்ளே போக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு வாழ்க்கை.

ஒன்று, உதவி அரசு குற்றவியல் வழக்கறிஞர், அதாவது ஏ.பி.பி. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வரும் நிரந்தர அரசுப் பணி இது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் போலீஸ் தாக்கல் செய்யும் வழக்குகளை அரசுக்காக நடத்துபவர் இவர். குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு நடைமுறை அனுபவம் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். மாதச் சம்பளம், பதவி உயர்வு, இட மாறுதல் எல்லாம் உண்டு. ஆட்சி மாறினாலும் வேலை போகாது. மேலே குற்ற வழக்குத் தொடர்வுத் துறையில் உயர்ந்துகொண்டே போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு, அந்தத் துறையின் இயக்குநர், துணை இயக்குநர் பதவிகளுக்கு 15 ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தையோ, செஷன்ஸ் நீதிபதியாக இருந்த அனுபவத்தையோ கேட்கிறது. உதவி இயக்குநருக்கு 7 ஆண்டு.

இரண்டாவது வாசல், அரசு நியமிக்கும் சட்ட அலுவலர்கள். மாவட்டத்தில் சிவில் பக்கம் ஜி.பி. (அரசு பிளீடர்), குற்றவியல் பக்கம் பி.பி. (அரசு குற்றவியல் வழக்கறிஞர்), கூடுதல் ஜி.பி., கூடுதல் பி.பி. உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர், மாநில அரசு பிளீடர். குற்றவியல் பக்கம் கூடுதல் பி.பி., மாநில பி.பி. எல்லாவற்றுக்கும் மேலே கூடுதல் அட்வகேட் ஜெனரல்கள், உச்சியில் அட்வகேட் ஜெனரல். இவர்கள் யாரும் அரசு ஊழியர் இல்லை. அரசு என்ற கட்சிக்காரருக்காக அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்கள். நியமித்த அரசு வேண்டாம் என்றால் போக வேண்டும். தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால் பெரும்பாலும் தாங்களே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம்.

வீட்டில் ஒரே சம்பாத்தியம், மாதம் தவறாமல் பணம் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் முதல் வாசலைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். அது சின்ன வேலை இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஏழை மனிதன் முதலில் பார்க்கும் அரசு முகம் ஏ.பி.பி.தான். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் இரண்டாவது வாசலைப் பற்றியது.

இரண்டாம் படி: முதல் ஏழு ஆண்டுகளை எங்கே செலவழிப்பது

மாவட்டத்திலும் உயர் நீதிமன்றத்திலும் பி.பி., கூடுதல் பி.பி. ஆவதற்கு ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று அந்தச் சன்ஹிதாவின் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட வழக்குக்கென நியமிக்கும் ஸ்பெஷல் பி.பி.க்குப் பத்தாண்டு. போக்சோ சிறப்பு நீதிமன்றத்துக்கும் அந்தச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஏழாண்டு என்கிறது. ஆகவே ஏழாண்டை உங்கள் முதல் மைல்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் முடித்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதிவுக் கட்டணம் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அகில இந்திய பார் தேர்வையும் தள்ளிப் போடாமல் முடித்துவிடுங்கள்.

பிறகு சீனியர். இங்கே என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) மட்டும் பார்க்கும் அலுவலகத்தில் சேராதீர்கள். முதல் மூன்று ஆண்டாவது மாவட்ட முன்சீப், சார்பு நீதிமன்றம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம் என்று அலையுங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியாத ஒருவர் அரசுத் தரப்பில் மேல்முறையீட்டில் நின்றால், கீழே நடந்த விசாரணையின் ஓட்டை அவர் கண்ணில் படாது. ஒரு நிலவழக்கில் அட்வகேட் கமிஷனராக, அதாவது இடத்தை நேரில் பார்த்து வர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞராகப் போய் வெயிலில் சங்கிலி பிடித்து அளந்தவருக்குப் புல வரைபடம் (எஃப்.எம்.பி.) படிக்கத் தெரியும். அரசு வழக்குகளில் பெரிய பங்கு நிலம்தான். சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு, யு.டி.ஆர். பதிவு, நத்தம் (கிராமத்துக் குடியிருப்பு நிலம்), புறம்போக்கு (அரசு நிலம்), பஞ்சமி நிலம் போன்றவற்றைப் புத்தகத்தில் படித்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது. ஒரு தாலுகா அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். எந்த அரசாணை “நிலை”, எது “வாலாயம்” (வழக்கமான அலுவல் ஆணை) என்று தெரிந்துகொள்ளுங்கள். வருவாய் நிலை ஆணைகளைப் புரட்டுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, நீங்கள் ஆஜரான ஒவ்வொரு வழக்கின் எண், நீதிமன்றம், தேதி, முடிவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். உங்கள் பெயர் வந்த தீர்ப்புகளின் நகலையும் சேர்த்து வையுங்கள். வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்யுங்கள். ஏழாண்டு கழித்து அனுபவத்துக்குச் சான்று கேட்கும்போது ஓடித் திரியாமல் இருக்கலாம்.

மூன்றாம் படி: விண்ணப்பமும் நியமனமும்

மாவட்டத்தில் பி.பி. நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர், செஷன்ஸ் நீதிபதியோடு கலந்து ஒரு பட்டியல் தயாரிப்பார். அரசு அதிலிருந்து நியமிக்கும். உயர் நீதிமன்ற பி.பி. என்றால் உயர் நீதிமன்றத்தோடு கலந்தாலோசிக்க வேண்டும். உயர் நீதிமன்றச் சட்ட அலுவலர்களுக்குத் தமிழ்நாட்டில் 2017இல் தனி விதிகள் வந்தன. கோப்புகளைப் பொதுத்துறையின் சட்ட அலுவலர்கள் பிரிவு கையாளும்.

அரசியல் தொடர்பு இல்லாமல் கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஆளும் தரப்புக்கு நம்பிக்கையானவர்கள் முன்னுக்கு வருவது எல்லா ஆட்சியிலும் நடக்கிறது. அதை மறைத்து எழுதினால் உங்களை ஏமாற்றியதாகும். ஆனால் சட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. உத்தரப் பிரதேசத்தில் எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும் ஒரே உத்தரவில் நீக்கியதை 1990இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இது பொதுப் பதவி, தன்னிச்சையாக நடந்துகொள்ள முடியாது என்று சொன்னது. 2016 மார்ச்சில் பஞ்சாப், ஹரியானா தொடர்பான வழக்கில், சட்ட அலுவலர் தேர்வு வெளிப்படையாகவும் தகுதியின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்றது. தகுதிக்கு இடமே இல்லை என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். பரிந்துரையில் உள்ளே வந்தவர்களும் வேலை தெரியாவிட்டால் ஒரே ஆண்டில் ஓரங்கட்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான வழக்குக் கட்டுகள் அவர்கள் மேசைக்கு வருவதே நின்றுவிடும்.

நியமன ஆணை வந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கையில் அரசுக்கு எதிரான வழக்குகள் எத்தனை இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தகவல் சொல்லி, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, கட்டை வேறு வக்கீலிடம் ஒப்படையுங்கள். “ஜூனியர் பார்த்துக்குவார்” என்று வைத்துக்கொண்டால் அது பின்னால் உங்கள் பெயரைக் கெடுக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டண பில் பாஸாகி வர மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டுக்குக் குமாஸ்தா சம்பளமும் வாடகையும் கொடுக்கக் கையிருப்பு இல்லாமல் இந்தப் பதவிக்கு வராதீர்கள்.

நான்காம் படி: கட்டு கையில் வந்த பிறகு

இதுதான் கட்டுரையின் மையம்.

உயர் நீதிமன்ற ரிட் பக்கத்தில் ஒரு நாள் இப்படிப் போகும். முந்தின நாள் மாலை காஸ் லிஸ்ட், அதாவது மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியல் வரும். உங்கள் கோர்ட்டில் அட்மிஷனுக்கு (முதல் முறையாக எடுத்துக்கொள்வதற்கு) நாற்பது, ஐம்பது மனுக்கள் இருக்கலாம். மனுதாரர் தரப்பு கொடுத்த நகலைப் பார்த்து, எந்தத் துறை, எந்த அலுவலர் என்று கண்டுபிடித்துத் தகவல் அனுப்ப வேண்டும். இப்போது வாட்ஸ்அப்பில் போகிறது. முன்பு ஃபேக்ஸ், அதற்கு முன்பு ஆள் மூலம். காலையில் நீதிபதி கேட்கும்போது “நோட்டீஸ் பெற்றுக்கொள்கிறேன்” என்று சொல்வீர்கள். அந்த ஒரு வார்த்தையோடு பொறுப்பு உங்கள் தலையில் ஏறிவிட்டது. அதன் பிறகு துறையிடமிருந்து பாரா வாரியான குறிப்புரை வாங்கி, அதை வைத்து எதிர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, சம்பந்தப்பட்ட அலுவலர் கையெழுத்திட்டு, தாக்கல் செய்ய வேண்டும். எல்லோரும் அதை “கவுண்டர்” என்றுதான் சொல்வோம்.

புதிதாக வருபவர் செய்யும் பெரிய தவறு, குறிப்புரையை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து கவுண்டராக ஆக்குவது. குறிப்புரை எழுதியவர் பெரும்பாலும் ஒரு பிரிவு உதவியாளர். அவர் முன் இருந்தது பழைய கோப்பின் கடைசி இரண்டு பக்கம் மட்டுமாக இருக்கலாம். மூலக் கோப்பை வரவழையுங்கள். குறிப்புப் பக்கம் (அலுவலர்கள் எழுதிய குறிப்புகள்), நடப்புப் பக்கம் (வந்துபோன கடிதங்கள்) இரண்டையும் முதல் தாளிலிருந்து படியுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு காலை நேரம் என் மனசில் அப்படியே நிற்கிறது. தெற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து இரவு பஸ் பிடித்து ஒரு கிராம நிர்வாக அலுவலர் வந்திருந்தார். துணிப்பையில் பதிவேடுகள். ஆக்கிரமிப்பு அகற்றும் வழக்கு. கவுண்டர் தயார், தாசில்தார் கையெழுத்தும் ஆகிவிட்டது. பத்தரைக்குக் கோர்ட். பத்து மணிக்கு அவர் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. கவுண்டர்ல போட்டிருக்கிறது பழைய உட்பிரிவு. அந்தம்மா வீடு இருக்கிறது பக்கத்து உட்பிரிவில. அது நத்தம்.”

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து புல வரைபடத்தை மடியில் விரித்தோம். அவர் விரல் நகத்தால் எல்லைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். பென்சிலால் போட்ட உட்பிரிவுக் கோடு, அதன் ஓரத்தில் சிவப்பு மையில் சர்வேயரின் சின்னக் கையெழுத்து. அவர் சொன்னது சரி. அந்த வீடு புறம்போக்கில் இல்லை. நான் அன்று கவுண்டரைத் தாக்கல் செய்யவில்லை. நீதிபதியிடம், பதிவேட்டில் சரிபார்க்க வேண்டியது இருக்கிறது, இரண்டு வாரம் வேண்டும், அதுவரை அகற்ற மாட்டோம் என்று சொன்னேன். மறுஅளவீட்டில் உண்மை வெளியே வந்தது. நோட்டீஸைத் துறையே திரும்பப் பெற்றது.

அந்த வி.ஏ.ஓ. வாய் திறக்காமல் இருந்திருந்தால், அரசின் பெயரால், என் வாயால், ஒரு பெண்ணின் வீடு இடிந்திருக்கும். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கோப்போடு வருபவர் யாராக இருந்தாலும், உட்காரச் சொல்லி, “கவுண்டர்ல இல்லாதது ஏதாவது இருக்கா, சொல்லுங்க” என்று கேட்பேன். அலுவலகத்தில் மேலதிகாரி முன் சொல்லத் தயங்குவதை அந்த பெஞ்சில் சொல்லிவிடுவார்கள்.

சிவில் வழக்கு என்றால் தொடக்கமே வேறு. அரசின் மீது தாவா போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸ்கள் அலுவலகங்களில் தூங்கிக் கிடக்கும். ஜி.பி. ஆனவுடன் ஆட்சியர் அலுவலகச் சட்டப் பிரிவில் அவற்றைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். பாதியைப் பதில் கடிதத்திலேயே முடித்துவிடலாம். நியாயமான கோரிக்கையை இரண்டு மாதத்துக்குள் ஏற்றுக்கொள்ளத்தான் அந்தப் பிரிவே இருக்கிறது.

ஐந்தாம் படி: நாள் கணக்கு

குற்றவியல் பக்கம் வருபவர்கள் ஆட்கொணர்வு மனுக்களில் கொஞ்ச காலம் வேலை செய்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில் தடுப்புக் காவல் உத்தரவைப் பெரும்பாலும் போலீஸ் கமிஷனரோ ஆட்சியரோ போடுவார். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், காவல் தேவையா என்று பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். ஏழு வாரத்துக்குள் குழுமம் அறிக்கை தர வேண்டும். அதிகபட்சக் காவல் 12 மாதம்.

இதற்கு நடுவில் காவலில் இருப்பவரின் வீட்டார் ஒரு முறையீட்டு மனு அனுப்புவார்கள். அரசியலமைப்பின் 22(5) அந்த உரிமையைத் தருகிறது. அது எத்தனை நாள் எந்த மேசையில் கிடந்தது என்பதே பல வழக்குகளின் தலைவிதி. கூடுதல் பி.பி. கையில் ஒரு படிவம் இருக்கும், நாங்கள் புரொஃபார்மா என்போம். மனு வந்த நாள், குறிப்புரை கேட்ட நாள், வந்த நாள், சார்புச் செயலாளர் பார்த்த நாள், துணைச் செயலாளர், அமைச்சர், நிராகரிப்புக் கடிதம் தயாரான நாள், சிறைக்குப் போன நாள், கைதிக்குக் கொடுத்த நாள். ஒவ்வொரு இடைவெளியிலும் அரசு விடுமுறை எத்தனை என்று கழித்து, மீதம் எத்தனை நாளுக்கு விளக்கம் இல்லை என்று நீதிபதிகள் கணக்குப் பார்ப்பார்கள். ஏழெட்டு நாளுக்கு விளக்கம் இல்லை என்றால் உத்தரவு நிற்பது கஷ்டம்.

அதனால் முதல் நாள் இரவே காலண்டரை எடுத்து நீங்களே எண்ணுங்கள். கைதிக்குக் கொடுத்த புக்லெட்டின் (காவலுக்கான ஆவணங்களின் தொகுப்பு) நகலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். எந்தப் பக்கம் மங்கல், எந்த ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை என்று பாருங்கள். இவர் ஜாமீனில் வந்துவிடுவார் என்பதற்குக் காவல் உத்தரவில் ‘இதே போன்ற வழக்கு’ என்று காட்டிய ஜாமீன் உத்தரவு உண்மையிலேயே இதே போன்றதா என்றும் பாருங்கள். 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது, இதே போன்ற வழக்கின் விவரமும் இல்லாமல் ஜாமீனில் வந்துவிடுவார் என்று சொல்வது செல்லாது என்றது. ஓட்டை இருந்தால் மறைக்காதீர்கள். ஒருவர் விசாரணையே இல்லாமல் சிறையில் இருக்கிறார் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

சிவில், ரிட் பக்கத்திலும் நாள்தான் எதிரி. தனி நீதிபதி உத்தரவின் மேல் ரிட் அப்பீல் 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு முதல் மேல்முறையீடு 90 நாள். உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனுவும் 90 நாள். கோப்பு துறையிலிருந்து சட்டத்துறைக்குப் போய், நிதித்துறைக்குப் போய், திரும்பி வருவதற்குள் இந்த நாட்கள் கரைந்துவிடும். 2012இல் தபால் துறை 427 நாள் தாமதமாகக் கொண்டுபோன மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசு என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது என்றும் சொன்னது. அதன் பிறகு “கோப்பு சுற்றில் இருந்தது” என்று எழுதும் தாமத மன்னிப்பு மனு எளிதில் பலிப்பதில்லை. தீர்ப்பு வந்த அன்றே, மேல்முறையீடு செய்யலாமா கூடாதா என்று உங்கள் கருத்தை ஒரே பக்கத்தில் எழுதி, கடைசித் தேதியை மேலே பெரிதாகப் போட்டு, துறைக்கு அனுப்பிவிடுங்கள்.

நில ஆர்ஜித வழக்கில் தாமதம் நேராகக் கஜானாவைத் தொடும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, நிலத்தைச் சுவாதீனம் எடுத்த பிறகு பணம் கட்டாமல் விட்டால் முதல் ஆண்டு 9 சதவீதம், அதற்குப் பிறகு 15 சதவீதம் வட்டி ஓடும்.

இன்னொரு வகை வழக்கைப் பற்றி என் சொந்தத் தவறிலிருந்து சொல்கிறேன். “என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்” என்று மட்டும் கேட்டு வரும் ரிட். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நான் புதிதாக இருந்தபோது அப்படி ஒரு வழக்கில் ஆட்சேபணை இல்லை என்றேன். 12 வாரத்தில் பரிசீலிக்க உத்தரவாயிற்று. அடுத்த கட்டுக்குப் போய்விட்டேன். உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதவில்லை. சில மாதம் கழித்து நீதிமன்ற அவமதிப்பு மனு வந்தது. உத்தரவு இருப்பதே தெரியாத ஓர் அதிகாரி, ஓய்வு பெற நாலு மாதம் இருந்த மனிதர், நீதிபதி முன் கை கட்டி நின்றார். “சார், எனக்குப் பேப்பரே வரலை சார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நீதிபதியிடம் தவறு என்னுடையது என்று சொல்லி அவகாசம் கேட்டேன். அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பு இன்றும் எனக்கு வேதனைதான்.

அன்றிலிருந்து உத்தரவு வாயால் சொல்லப்பட்ட அன்று மாலையே அலுவலருக்குக் கடிதம் போகும். குமாஸ்தாவின் பதிவேட்டில் ‘தகவல் அனுப்பிய தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு, அது காலியாக இருந்தால் நான் வீட்டுக்குப் போவதில்லை. அதிகாரிகளை எடுத்த எடுப்பிலேயே நேரில் வரச் சொல்லக்கூடாது, தேவைப்பட்டால் முதலில் காணொளியில் வர அனுமதிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறை வகுத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உத்தரவை நிறைவேற்றாமல் இருப்பதற்கு அது கேடயம் ஆகாது.

ஆறாம் படி: துறைக்குக் கசப்பானதைச் சொல்வது

சிறப்பு அரசு பிளீடர், கூடுதல் அட்வகேட் ஜெனரல் என்று மேலே போகப் போக நீதிமன்றத்தில் பேசும் நேரத்தைவிட அதிகாரிகளோடு பேசும் நேரம் கூடும். செயலாளர் கூப்பிடுவார். “இதை எப்படியாவது டிஃபெண்ட் பண்ணிடுங்க சார்” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. அந்த இடத்தில் கோப்பைத் திறந்து வைத்து, “இந்தப் பக்கத்தில் நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், இது நிற்காது, உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாக நோட்டீஸ் கொடுத்து விசாரியுங்கள்” என்று சொல்லத் தெரிய வேண்டும். சொன்னதை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். வாய்மொழிக் கருத்து காற்றோடு போகும்.

குற்றவியல் பக்கம் இது இன்னும் கூர்மை. அரசுத் தரப்பில் வழக்கு நடத்துபவர் நிரபராதி தண்டிக்கப்படும்படி நடத்தக்கூடாது, குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய சான்றை மறைக்கக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரமும் பி.பி. கையில்தான். முன்பு 321, இப்போது 360ஆம் பிரிவு. அரசு சொல்லலாம், ஆனால் மனுப் போடுபவர் தன் அறிவைச் செலுத்தி முடிவு செய்ய வேண்டும், நீதிமன்றமும் சம்மதிக்க வேண்டும். அரசாணை வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படி இருந்தால் பதவி நிலைக்குமா என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில், துறைகள் முணுமுணுத்தாலும் சிக்கலான கட்டு வரும்போது அப்படிப்பட்டவரைத்தான் தேடும். ஏனென்றால் அவர் எழுந்து “இதில் அரசுக்குச் சொல்ல நியாயம் இருக்கிறது” என்றால் நீதிபதிகள் பேனாவைக் கீழே வைத்துக் கேட்பார்கள். மூன்று வழக்கில் தோற்பதை நேராக ஒப்புக்கொண்டவருக்கு நான்காவது வழக்கில் இடைக்காலத் தடை இல்லாமல் ஒரு வாரம் கிடைக்கும். அந்த ஒரு வாரத்தின் மதிப்பு, ஒரு பாலமோ ஒரு பள்ளிக்கூடக் கட்டடமோ நின்றுபோகும் நிலையில் இருக்கும்போதுதான் தெரியும்.

ஏழாம் படி: உச்சிக்குப் போகிறவர்கள்

அட்வகேட் ஜெனரல் பதவி அரசியலமைப்பின் 165ஆம் பிரிவில் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்குத் தகுதியுள்ளவரை ஆளுநர் நியமிப்பார். 177ஆம் பிரிவின்படி சட்டமன்றத்தில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. சென்னையில் இந்த நாற்காலிக்கு நீண்ட மரபு. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பாஷ்யம் ஐயங்கார் இந்தியர்களில் முதலாவதாக இதில் அமர்ந்தார். 1929 முதல் 1944 வரை இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பின்னர் அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்றார். 1976இல் இங்கே அட்வகேட் ஜெனரலாக இருந்த கே. பராசரன், 1983 முதல் 1989 வரை நாட்டின் அட்டர்னி ஜெனரல்.

படிப்படியாக ஏறுவது எப்படி என்று பார்க்க விரும்பினால் பி. சதாசிவம் போன பாதையைப் பாருங்கள். பவானி பக்கத்துக் கிராமத்துக்காரர். 1973இல் வக்கீலாகப் பதிவு செய்தார். உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர் என்று ஒவ்வொரு படியாக வந்து, 1996 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 2013இல் இந்தியத் தலைமை நீதிபதி. பதிவு செய்ததிலிருந்து நீதிபதியாகும் வரை 22 ஆண்டுக்கு மேல். ஏழாம் ஆண்டிலேயே பொறுமை இழப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வேன்.

சீனியர் அட்வகேட் அந்தஸ்து கிடைத்த பிறகு வேலையின் தன்மை மாறும். வக்காலத்துப் போட முடியாது. கட்டைத் தயார் செய்து உதவ ஒருவர் வேண்டும். அந்தக் கட்டத்தில் உங்கள் கீழ் வேலை செய்யும் அரசு வழக்கறிஞர்களை மதித்து நடத்துங்கள். இரவு பதினோரு மணிக்கு அவர்கள் படித்த கோப்பைத்தான் காலையில் நீங்கள் பேசப் போகிறீர்கள்.

விட்டுப் போகும்போது

ஒருநாள் போகத்தான் வேண்டும். அதற்குத் தயாராகவே இருங்கள், தனியார் தொடர்புகளை முழுவதும் அறுத்துக்கொள்ள வேண்டாம்.

ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் ஒரு பட்டியல் போடுங்கள். வழக்கு எண், துறை, அடுத்த வாய்தா, கவுண்டர் போட்டாயிற்றா, மேல்முறையீட்டுக் கடைசி நாள், அலுவலரின் போன் நம்பர். அவமதிப்பு மனுக்களுக்குத் தனித் தாள், சிறையில் ஆள் இருக்கும் வழக்குகளுக்கு இன்னொரு தாள். மூலக் கோப்பு உங்கள் அறையில் கிடந்தால் அன்றே துறைக்குத் திருப்பி அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். நான் போனபோது அடுத்து வந்தவர் எனக்கு அறிமுகமே இல்லாத இளைஞர், வேறு அரசியல் கட்சியைச் சேர்ந்தவர். இரண்டு மாலை அவரோடு உட்கார்ந்து கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். மூன்றாம் நாள் காலை கோர்ட் தொடங்கும் முன் போன் செய்தார். “சார், நீங்க காட்டின ஒரு நத்தம் கேஸ் இன்னைக்கு லிஸ்ட்ல இருக்கு. எஃப்.எம்.பி. எந்தக் கட்டுல சார்?” சொன்னேன்.